நூறு காட்டிய பெட்டி

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், தம்பி. அதற்கு ஒரு கால் ஆடும். காலையில் ஒரு அம்மா இட்லிப் பொட்டலத்தோடு அதில் உட்கார்ந்து, பொட்டலம் மட்டும்தான் நேராக நின்றது. இப்படி என் பக்கம் வாருங்கள். இங்கே உட்கார்ந்தால் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே எரிகிற சிவப்பு விளக்கும் தெரியும், சுவர்க் கடிகாரமும் தெரியும். எனக்கு இரண்டும் தெரிய வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு உள்ளே யார்? மச்சானா? குடலிறக்கமா? சரி, சரி, அது முடிந்து சாயங்காலமே காபி கேட்பார். எனக்கு வீட்டம்மா. வசந்தாமணி. இடது பக்கத்துக் கிட்னியில் கல் அடைத்து அடைத்து அது வீணாகிவிட்டது. எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும் என்று அவள் சிங்காநல்லூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எந்தப் பாதி என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் இப்போது மயக்கத்தில் இருக்கிறாள். இன்றைக்கு என் சிக்கலே அதுதான்.

மணி பத்தேகாலா? அப்படியானால் இன்னும் அரை மணி இருக்கிறது. எதற்கு என்று சொல்கிறேன்.

என் பெயர் மருதாசலம். பிளாஸ்டிக்கை உருக்கி, மோல்டு என்கிற அச்சுக்குள் ஊசி போடுகிற மாதிரி செலுத்துகிற மெஷின் இருக்கிறது பாருங்கள், அதில் சூடும் வேகமும் பார்த்து வைக்கிற செட்டர். முப்பத்தொரு வருஷம் வாளி, குடம், குளியல் மக். கோயமுத்தூரில் முப்பது வயதுக்குக் குறைந்தவர் யாராக இருந்தாலும் நான் அடித்த மக்கில்தான் முதல் குளியல் குளித்திருப்பார். நீங்களும்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நல்ல மக்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வைப்பது எனக்கு வழக்கம். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று நாளாகிறது, வார்டில் ஒரு நர்ஸ் பாக்கியில்லாமல் சிரித்துவிட்டார்கள். "எறும்புக்கு இடுப்பு ஏன் இப்படி ஒடுங்கியிருக்குது தெரியுமா சிஸ்டர்? நான் செஞ்ச கிளிப்பை ஒரு எறும்பு தூக்கிட்டுப் போய் இடுப்புல மாட்டிப் பார்த்துது. பூட்டிக்கிச்சு. கழட்ட முடியலே. அதைப் பார்த்து மத்த எறும்பெல்லாம் ஆசைப்பட்டுது." இதை நான்கு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, "எனக்கு மூணு கிட்னிங்க, ஒண்ணு நானே மோல்டுல அடிச்சது, வேணும்னா இவளுக்கு எடுத்து வைங்க" என்றேன். அந்த மனுஷன் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசந்தாமணி போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் தொடையைக் கிள்ளினாள்.

காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவள் சொன்னது அதுதான். "நான் வர்ற வரைக்கும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க." நான் தலையாட்டினேன்.

எறும்பு கதை பொய். ஆனால் கிளிப் நிஜம். அதை நம்புங்கள்.

வாளி அடித்துக்கொண்டிருந்த எங்கள் முதலாளி நஞ்சப்பனுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆசை வந்தது. வாளியை எல்லோரும் அடிக்கிறார்கள், நாம் ஆஸ்பத்திரிச் சாமான் அடிப்போம் என்று ஒரு மெஷின் வாங்கினார். தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் அடிக்கிற கிளிப் இரண்டு அரிசி நீளம். நூறு கிளிப்பை அள்ளித் தராசில் போட்டால் ஒரு கிராம் காட்டும். ஒரு முனையில் கீல், மறுமுனையில் கொக்கி. கீலின் கனம் மூன்று தலைமுடியைச் சேர்த்து வைத்தது மாதிரி. வயிற்றுக்குள்ளே ரத்தக் குழாயை வெட்டுகிறார்கள் அல்லவா, வெட்டுவதற்கு முன்னால் இந்தக் கிளிப்பைக் குழாயின் மேல் மாட்டி அழுத்துவார்கள். கொக்கி போய்ப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெட்டலாம். கிளிப் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும். கிட்னிக்குப் போகிற குழாய் பென்சில் கனம் இருக்குமாம், அதில் ரத்தம் குழாயடித் தண்ணீர் மாதிரி வருமாம். அதற்கு இரண்டு மூன்று கிளிப் போடுவார்கள்.

இதற்காக நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஓர் இன்ஜினியர் பெண்ணைக் கொண்டு வந்தார் முதலாளி. பிரிசில்லா. இருபத்தாறு வயது. என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவாள். கோயமுத்தூரில் மளிகைக் கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், ஷெட்டில் எல்லோரும் என்னிடம் கால் கிலோ உளுந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல பெண். கொஞ்சம் பிடிவாதம். வந்த முதல் நாளே மோல்டை நூறு டிகிரியில் வைக்கச் சொன்னாள்.

நூறு டிகிரி. தம்பி, உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, அதனால் நீங்கள் அதிர்ச்சி அடையவில்லை. முப்பத்தொரு வருஷம் நான் மோல்டுக்குப் பச்சைத் தண்ணீர் விட்டவன். மோல்டு சில்லென்று இருந்தால் பிளாஸ்டிக் உள்ளே போனதும் கெட்டியாகும், சட்டென்று கழன்று விழும், பளபளவென்று இருக்கும். வாளிக்கு அதுதான் வேலை. சூடான மோல்டில் அடிப்பது சூடான கல்லில் ஐஸ் வைப்பது மாதிரி என்று நான் சொன்னேன்.

அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். "அண்ணாச்சி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்ல பஸ் வந்து நிக்குதுல்லா, கூட்டம் எப்படி ஏறும்?"

"அடிச்சுப் பிடிச்சுத்தான்."

"வாசல்ல இருக்கவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரே பக்கமா இழுபட்டு நிப்பான். உள்ள போனவன் மெதுவா எடம் பார்த்து, குடும்பம் குடும்பமா உக்காருவான். பிளாஸ்டிக்கும் அப்படித்தான். அதுக்குள்ள எல்லாம் நீள நீள நூலு. மோல்டோட சுவரைத் தொட்ட நூலு இழுபட்ட வாக்குலயே உறைஞ்சுபோகும். அது தோலு. நடுவுல உள்ளது நிதானமா மடிஞ்சு மடிஞ்சு உக்காரும். அது சதை. வாளியில தோல் கொஞ்சம், சதை நெறைய. இந்தக் கிளிப்பு ஆட்டோ மாதிரி, வாசலைத் தவிர உள்ளேன்னு ஒண்ணு கெடையாது. மோல்டு சில்லுன்னு இருந்தா அம்புட்டும் தோலாப் போயிரும். நூறு டிகிரியில வச்சா டிரைவர் அஞ்சு நிமிஷம் காத்திருக்கார்னு அர்த்தம். எல்லாரும் உக்காந்த பெறகு வண்டி எடுப்பார்."

அழகாகத்தான் சொன்னாள். அன்றைக்கே நான் ஷெட்டில் எல்லோரிடமும், பிளாஸ்டிக்குக்கு இனிமேல் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பார் என்று சொல்லி ஒரு வாரம் சிரிப்பாக ஓடியது.

சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிகிறது. மயக்க மருந்து டாக்டரம்மா சொன்னார், வயிற்றுக்குள் காற்று அடைத்து, குடலை ஒதுக்கி, குழாயைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரமாகுமாம். ஒன்பதே முக்காலுக்குத்தான் ஆரம்பித்தார்கள். பத்தே முக்கால் வரைக்கும் குழாயைத் தொட மாட்டார்கள். அப்போதுதான் கிளிப்.

நாலு வருஷத்துக்கு முந்திய மே மாசம், அந்த வெயில். ஒரு பெரிய ஆர்டர் வந்தது, மூன்று வாரத்தில் நாற்பதாயிரம் கிளிப். நூறு டிகிரியில் ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு தடவை அடித்து எடுக்க, இருபத்திரண்டு விநாடி. சமயத்தில் கிளிப் மோல்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், ஊசியால் நிமிண்டி எடுக்க வேண்டும். எங்கே போய் முடிப்பது? முதலாளி வந்து, "மருதாசலண்ணா, வாளி அடிச்ச கைக்கு இது வரலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சும்மாத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் நான் மோல்டு சூட்டை அறுபதுக்கு இறக்கினேன்.

இறக்கினால் பெட்டியில் தெரியுமே என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்கவில்லை, பரவாயில்லை. மோல்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் சிவப்பு எழுத்தில் எத்தனை டிகிரி என்று ஓடும். மோல்டுக்குள் ஒரு சின்னக் கம்பி சொருகியிருக்கும், அதுதான் சூட்டைப் பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும். நான் என்ன செய்தேன்? அந்தக் கம்பியை மோல்டிலிருந்து பிடுங்கி, ஹீட்டருக்கு ஒட்டினாற்போலச் சொருகினேன். ஹீட்டர் எப்போதும் மோல்டைவிடச் சூடு. கம்பிக்கு நூறு, மோல்டுக்கு அறுபது. பெட்டி நூறு என்று எழுதிக்கொண்டு நின்றது. படிக்காதவன் கண்டுபிடித்த வித்தை, தம்பி. எந்தக் காலேஜிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

பதினாலு விநாடிக்கு ஒரு ஷாட். பளிங்கு மாதிரி விழுந்தது. நீளம் சரி, கனம் சரி, கொக்கி பூட்டுகிறது, இழுத்துப் பார்த்தால் தாங்குகிறது. எல்லாச் சோதனையும் பாஸ். முதலாளி என் தோளில் கை போட்டார். வாளி அடித்த கைக்கு வருமா வராதா?

அவள் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒரு கிளிப்பை எடுத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, இரண்டு கறுப்புக் கண்ணாடிக்கு நடுவே வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். முதலில் நூறில் அடித்த பழைய கிளிப். பொய் சொல்லவில்லை தம்பி, இந்தப் பாதியை நம்புங்கள், அதற்குள்ளே பூ இருந்தது. ஓரத்தில் வெறும் கோடு கோடாக இழுபட்ட தோல். நடுவில் சின்னச் சின்னப் பூ, நாலு இதழ், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிறையப் பூ. உட்கார்ந்த குடும்பங்கள் அதுதானாம். அப்புறம் நான் அறுபதில் அடித்த கிளிப். அந்தக் கோடு கோடுதான் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். கீல் இருக்கிற இடத்தில் பூ ஒன்றுகூட இல்லை.

"பூ இல்லேன்னா என்ன அம்மணி, மணக்கவா போவுது?" என்றேன்.

"இப்ப ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. இழுபட்டு நிக்கவன் எத்தனை நாள் அப்படியே நிப்பான்? உடம்புச் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா நிமிரப் பாப்பான். கீலு வெடிச்சுரும்." அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். "நூறுதான் காட்டுது. பெறகு எப்படி இப்படி வருது?"

"நூறுதான்" என்றேன் நானும்.

பாவம், தூங்காமல் குழம்பினாள். பிளாஸ்டிக் குருணை ஈரமோ என்று மூட்டை மூட்டையாக உலர்த்திப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பைத் துடைத்தாள். பெட்டியையே மாற்றினாள். புதுப் பெட்டியும் நூறு காட்டியது, கம்பி நான் வைத்த இடத்தில்தானே இருக்கிறது? ஒருநாள் மெஷினுக்கு முன்னால் நின்று மோல்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கையை நீட்டித் தொடப் போனாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "அம்மணி, நூறு டிகிரி. தோலு உரிஞ்சு வந்துரும். உங்கம்மா வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "தேங்க்ஸ் அண்ணாச்சி" என்றாள். எனக்குப் பெண் பிள்ளை இல்லை, அந்தப் பாசம்தான்.

இருநூறு கிளிப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நாள் போட்டு வைத்துப் பூட்டிப் பார்த்தாள். நாலு கிளிப் கீலில் வெடித்தது. எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். நாற்பதாயிரத்தையும் கொட்டச் சொன்னாள்.

"உள்ளே பூவு இல்லீன்னு சொல்லி நாப்பதாயிரம் பீஸைக் கொட்டச் சொல்றியாம்மா?"

"ஆமா சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். "மருதாசலண்ணா, சூடு எத்தனைல ஓடுச்சு?"

"நூறுங்க. பெட்டியைப் பார்த்துக்குங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வசந்தாமணி பக்கத்தில் இருந்திருந்தால் கிள்ளியிருப்பாள். நான் சொன்னேன்: "அம்மணி மைக்ராஸ்கோப்புல நான் என் பனியன் நூலை வெச்சுப் பார்த்தனுங்க, அதுல செம்பருத்தியே தெரிஞ்சுது. உங்க மூக்குப்பொடியை வெச்சா மயிலாடும்." ஷெட்டே சிரித்தது. முதலாளிக்கு மூக்குப்பொடி கொட்டிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. வெடித்த நாலு கிளிப்பையும் ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டாள்.

சரக்கு போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து அவளும் போய்விட்டாள். கிளம்பும்போது என்னிடம் வந்து, "நீங்க சூட்டைக் கொறைச்சிட்டியளோன்னு ஒரு நாள் மனசுல நெனச்சேன் அண்ணாச்சி. தப்பா நெனச்சதுக்கு மன்னிச்சிருங்க" என்றாள். நான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். வயசானவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டாமா? அந்தக் கம்பியை அன்றைக்குச் சாயங்காலமே பழைய இடத்தில் சொருகிவிட்டேன். அவள் போன பிறகு அதற்கு வேலை இல்லை.

மணி என்ன? இருபத்தைந்தா?

நான் இந்தக் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வசந்தாமணியிடம்கூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

அவளை உள்ளே கொண்டுபோன பத்தாவது நிமிஷம், தியேட்டர் சிஸ்டர் கதவைத் திறந்து ஒரு சீட்டை நீட்டினார். இங்கெல்லாம் அதுதான் வழக்கம், உங்களுக்கும் வரும். உள்ளே தேவைப்படுகிற சாமானை வெளியே இருக்கிறவர்கள் கீழே போய் மருந்துக்கடையில் வாங்கிவர வேண்டும். கையுறை, நூல், பஞ்சு. கடைசியில் கிளிப், இரண்டு அட்டை. கடைக்காரர் எடுத்துக் கவுண்டரில் வைத்தார். பெயர் வேறு, நாங்கள் அடிப்போம், இன்னொரு கம்பெனி பேர் போட்டு விற்கும். ஆனால் தொகுதி எண்ணை யாரும் மாற்ற மாட்டார்கள். செட்டருக்கு ஓர் எழுத்து, மாசம், வருஷம். என் எழுத்து. அந்த மே மாசம். காலாவதியாக இன்னும் ஒரு மாசம் பாக்கி.

"வேற மாசத்தது இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்கிறது ஒரே பெட்டிதாங்க தாத்தா. எல்லாம் அதேதான்."

"வேற கம்பெனி?"

"டாக்டர் எழுதினது இதுதாங்க. மேல காத்துக்கிட்டிருப்பாங்க, சீக்கிரம் போங்க."

லிஃப்டில் ஏறவில்லை. படியில் வந்தேன். இரண்டாவது மாடியில் நின்றுவிட்டேன். குப்பைத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் போட்டுவிடலாம். போட்டுவிட்டு? உள்ளே அவள் வயிற்றில் துளை போட்டிருப்பார்கள். இருநூறில் நாலுதான் வெடித்தது தம்பி. நூற்றுக்கு இரண்டு. ஆனால் இந்த நாலு வருஷத்தில் எத்தனை பேர் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று அந்தப் படியில் நின்றபோதுதான் முதல் தடவையாகக் கணக்குப் போட்டேன். போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

சிஸ்டரிடம் கொடுக்கும்போது சொன்னேன். கையைக் கூப்பிக்கொண்டுதான் சொன்னேன். "சிஸ்டர், இந்தக் கிளிப்பைப் போடாதீங்க. இது நான் அடிச்சது. இது உள்ளே சரியில்லை."

அந்தம்மா சிரித்தார். "நேத்து எறும்புக்குக் கிளிப்பு, இன்னைக்கு எங்களுக்கேவா தாத்தா?"

"நெஜமாத்தானுங்க சிஸ்டர். உள்ளே பூ இல்லை."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு உள்ளே திரும்பி யாரிடமோ, "தாத்தா கிளிப்ல பூ இல்லேங்கறாரு" என்றார். உள்ளேயும் சிரித்தார்கள். பெரிய டாக்டர் குரலும் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

அப்புறம்தான் பிரிசில்லாவுக்குப் போன் போட்டேன். நம்பர் இன்னும் வைத்திருக்கிறேன், பொங்கலுக்குப் பொங்கல் அவள்தான் கூப்பிடுவாள். இப்போது ஓசூரில், இதே மாதிரி சாமான் செய்கிற பெரிய கம்பெனியில் இருக்கிறாள். எடுத்த உடனே, "அண்ணாச்சி, சுகமா இருக்கியளா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அந்தத் தொகுதி, உள்ளே வசந்தாமணி, சூட்டைத் தவிர எல்லாம். தொகுதி எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் நிதானமாகக் கேட்டாள். "எங்க கம்பெனி சாமான் அங்கயும் போகுது, அந்த ஆஸ்பத்திரி தியேட்டர் மேனேஜர் நம்பர் எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொன்னா அதை ஒதுக்கி வெச்சுட்டு உலோகக் கிளிப்பு போட்டிருவாங்க, அது எப்பவும் உள்ள இருக்கும். ஆனா காரணமில்லாம நடுவுல நிறுத்தச் சொல்ல முடியாது. நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மோல்டு நூறுலதானே இருந்துச்சு?"

கேட்டீர்களா தம்பி. அவ்வளவுதான் கேட்டாள்.

"நூறுதான் அம்மணி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை.

"அப்ப பயப்படாதீங்க. நூறுல அடிச்சதுன்னா கீலு தாங்கும். நாந்தான் அன்னைக்குச் சீவினதுலயும் ஊறப் போட்டதுலயும் ஏதோ தப்பு பண்ணியிருப்பேன். அக்கா நல்லபடியா வருவாங்க, நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

படித்த பெண். அவள் தாங்கும் என்றால் தாங்கும், இல்லையா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவளுக்குத் தெரியாததா? நூறில் அடித்தது தாங்கும் என்கிறாள்.

அப்படிப் பார்க்காதீர்கள்.

மணி பத்தரை தாண்டிவிட்டது. தெரியும், தெரியும், நானும் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே ஆறு தடவை போனைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு கதைதான் வாயில் வருகிறது. பெட்டி பழுது என்று சொல்லலாமா, கரண்ட் போய்ப் போய் வந்தது என்று சொல்லலாமா, யாரோ ஆப்பரேட்டர் மாற்றிவிட்டான் என்று சொல்லலாமா. ஒன்று நன்றாகக்கூட வந்தது, அதில் ஒரு பல்லி ஹீட்டருக்குள் போகிறது.

நீங்கள் பேசுங்கள் தம்பி. உங்கள் குரல் நல்ல குரல், பொய் சொல்லாத குரல். இந்தாருங்கள். மேலே இருக்கிறது பிரிசில்லா நம்பர்தான், அமுக்குங்கள். மருதாசலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அறுபது என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்குப் புரியும். யார் குறைத்தது என்று கேட்டால் தெரியாது என்று... இல்லை. நான்தான் என்று சொல்லுங்கள்.

அடிக்கிறதா?

எடுத்துவிட்டாளா? சொல்லுங்கள். ஆ, அப்படித்தான். அறுபது.

என்ன சொல்கிறாள்? பெட்டியில் நூறு இருந்ததை அவளே பார்த்தாளா? ஆமாம், பார்த்தாள், இரண்டு பெட்டியிலும் பார்த்தாள். என்ன? பதற்றத்தில் நான் ஏதோ கதை கட்டுகிறேன் என்கிறாளா? அவரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்கிறாளா?

வைத்துவிடப் போகிறாள். கொடுங்கள். இப்படிக் கொடுங்கள் தம்பி.

அம்மணி. நாந்தான், மருதாசலம். வெச்சுடாதே. கதை இல்லே. கேளு. கம்பியை மோல்டுலிருந்து பிடுங்கி ஹீட்டர் ஓரமாச் சொருகினேன். நீ சாப்பிடப் போயிருந்தே. ரெண்டு பெட்டியும் ஹீட்டர் சூட்டைத்தான் காட்டுச்சு. மோல்டு அறுபதுலதான் ஓடுச்சு, மூணு வாரமும்.

பிரிசில்லா?

அன்னைக்கு நீ மோல்டைத் தொட வந்தே. நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். நெனப்பிருக்குதா?

தொட்டிருந்தா தோலு உரிஞ்சிருக்காது, அம்மணி.